சிறுமியர் தைத்த பணப்பை

தமிழில் துணியைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல, வெட்டுதலையும் கிழித்தலையும் அடியாகக் கொண்டு பிறந்தவை. துணிக்கப்பட்டது துணி; அறுக்கப்பட்டது அறுவை; துண்டிக்கப்பட்டது துண்டு; கிழிக்கப்பட்டது கிழி. இவற்றுள் 'கிழி' என்னும் சொல்லுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. துணி என்று பொருள்பட்ட அச்சொல், காலப்போக்கில் துணியில் முடிந்து வைத்த பொன்னையும் குறிக்கலாயிற்று. ஆலவாய் இறைவன் அருளால் தருமி பெற்ற பொற்கிழியும், பாண்டியன் அவையில் பெரியாழ்வார் அறுத்த கிழியும் கற்றோர் நன்கு அறிந்தவை. பின்னாளில் வழக்கிற்கு வந்த 'பணமுடிப்பு' என்னும் சொல்லும் இதே உண்மையை உணர்த்தும். தமிழர் பணத்தை நினைத்தபொழுது, அதனைச் சுற்றியிருந்த துணியையும் உடன் நினைத்தனர்.

ஆங்கிலத்தில் பணப்பையைக் குறிக்கும் 'பர்ஸ்' என்னும் சொல்லின் பிறப்பு வேறு. அது 'பர்சா' என்னும் இலத்தீன் சொல்லினின்றும், அஃது தோல் என்று பொருள்படும் 'பிர்சா' என்னும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்ததாகும். மேனாட்டார் பணத்தோடு தோலை நினைத்தனர் என்று இதனால் கொள்ளலாம். ஆயினும், அதே மேனாட்டில் பெண்டிரின் பணப்பை நெடுங்காலம் துணியாகவே இருந்தது. ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ளும் சிறுமியர்கூட அதனைத் தைத்தனர். தைத்ததைத் தம் இடையில் கட்டிக்கொண்டனர். அச்சிறு பையின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், பெண்ணுக்குப் பொருளுரிமை வந்த வரலாற்றையும் அதனுள்ளே காணலாம்.

இடையில் கட்டிய பை

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆடவரின் மேற்சட்டையிலும் காற்சட்டையிலும் பைகளை வைத்துத் தைத்துவிட்டனர். சட்டையை அணிந்தால் பையும் உடன் வந்தது. பெண்டிருக்கு அவ்வசதி இல்லை. அவர்களுடைய பை, உடையினின்றும் வேறான ஒரு தனிப்பொருள். பேரிக்காயைப் போல மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற வடிவம். முன்புறத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் வாய். மேல்விளிம்பில் இடுப்பைச் சுற்றிக் கட்டுவதற்கு ஒரு நாடா. ஒன்றாகவோ இரண்டாகவோ இப்பைகளை மேற்பாவாடைக்குள் கட்டிக்கொள்வர். பாவாடையின் பக்கத் தையலில் விட்டிருக்கும் திறப்பின் வழியே கையை நுழைத்து வேண்டியதை எடுப்பர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், சீமாட்டியும் பணிப்பெண்ணும் ஒருங்கே இதனை அணிந்தனர். துணியின் தரத்தில் வேறுபாடு இருந்தது. பையின் அமைப்பில் இல்லை.

அப்பைக்குள் காசு மட்டுமா இருந்தது? சாவிக்கொத்து, கத்தரிக்கோல், ஊசிப்பொதி, அங்குஸ்தான், கைக்குட்டை, மூக்குத்தூள் டப்பி, கடிதம், வழியில் உண்ணச் சிறிது தின்பண்டம் எனப் பலவும் இருந்தன. பிறர் வீட்டில் பணி செய்த பெண்ணுக்குத் தனி அறை இராது. பூட்டி வைக்கத் தனிப்பெட்டி இருப்பதும் உறுதியன்று. அத்தகையவளுக்கு உலகத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்க மறைவிடம் அந்தப் பை ஒன்றே. இரவில் அதனை அவிழ்த்துத் தலையணையின்கீழ் வைத்து உறங்கினாள். இலண்டன் மாநகரின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை அச்சில் வெளிவந்துள்ளன. பைக்கயிற்றை அறுத்தவர், தலையணைக்கீழ் இருந்ததைக் கவர்ந்தவர் முதலியோர்மேல் வந்த வழக்குகள் அவற்றில் இடம்பெற்றுள்ளன. அரசர் வரலாறு கூறும் நூல்களில் இடம்பெறாத எளிய பெண்கள், தம் பையில் என்ன இருந்தது என்று நீதிபதியின் முன் எண்ணிச் சொல்லிய சொற்களால் வரலாற்றில் நின்றுவிட்டனர்.

பை என்னும் பாடம்

இத்தகைய பையைத் தைப்பது, தொடக்கநிலைத் தையற்கல்விக்கு மிகவும் பொருந்திய பயிற்சியாகும். சட்டை தைக்க உடலின் அளவறிந்து வெட்ட வேண்டும். தோளும் கழுத்தும் சிறு கைகளுக்கு அடங்கா. பைக்கு அத்துணை அளவு வேண்டுவதில்லை. ஆயினும் தையற்கலையின் அடிப்படைகள் யாவும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

நம்மவர் நன்கறிந்த சுருக்குப்பையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாண் அகலமும் இரண்டு சாண் நீளமும் உள்ள துணியை, நல்ல பக்கம் உள்ளே அமையுமாறு இரண்டாக மடித்தல் வேண்டும். இரு பக்கங்களையும் அடியிலிருந்து மேலே தைத்துக்கொண்டு வந்து, வாயின் அருகில் இரண்டு விரற்கிடை தைக்காமல் விடுதல் வேண்டும். இங்குதான் மாணவி முதற்பாடத்தைக் கற்கிறாள். ஓட்டுத்தையலால் தைத்தால் வேலை விரைவில் முடியும், ஆனால் தையலுக்குத் தையல் இடைவெளி இருத்தலால் காசின் கனம் தாங்காது, நாளடைவில் பிரியும். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றே பின்வாங்கிக் குத்திச் செல்லும் கெட்டித்தையலே காசைத் தாங்கும். பின்னர், தைக்காமல் விட்ட ஓரங்களை மடித்து அடக்கி, வாய் விளிம்பையும் மடித்து நாடா செல்லும் வழியைத் தைத்தல் வேண்டும். இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கோத்து முடிந்து, பையைப் புரட்டி இருபுறமும் இழுத்தால் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். மடித்தல், இணைத்தல், அடக்குதல், கோத்தல் ஆகிய நான்கும் கைவரப்பெற்ற சிறுமி, அதன்பின் தலையணை உறைக்கோ இரவிக்கைக்கோ அஞ்ச வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் இக்கல்வி முதலில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பெருகியபொழுது அது முறையான பாடமாயிற்று. பிரிட்டிஷ் மற்றும் அந்நியநாட்டுப் பள்ளிச் சங்கம் 1816இல் வெளியிட்ட கற்பித்தல் கையேடு, படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றோடு தையலையும் சேர்த்துக் கூறிற்று. அயர்லாந்துத் தேசியப் பள்ளிகளின் பெண்பாலர் பிரிவுக்காக 1835இல் டப்ளினில் அச்சான தையற்கையேட்டின் படிகள் சில இன்றும் உள்ளன. அவற்றின் தாள்களில் சிறுமியர் தைத்த சின்னஞ்சிறு ஆடை மாதிரிகள் இணைக்கப்பட்டுள்ளன. பொம்மைக்கு அணியத்தக்க அந்தச் சட்டைகளின் தையல்களை எண்ணுவதற்குக் கண்ணாடி வேண்டும் என்னும்படி அவை நுண்ணியவை. 1838இல் 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் தம்மைக் குறித்துக்கொண்ட ஆசிரியர் இலண்டனில் வெளியிட்ட 'வேலைப்பெண்ணின் வழிகாட்டி' என்னும் நூல், வீட்டிற்கு வேண்டும் ஆடைகளோடு இடைப்பைக்கும் வெட்டும் முறை கூறுகிறது.

தைத்து முடித்தபின் துணியில் அடையாளம் இடுதலும் அக்கல்வியின் ஒரு பகுதி. சலவைக்குப் போன துணி மாறிவிடாமல் இருக்க, உடையவளின் பெயரின் முதலெழுத்துகளைக் குறுக்குத்தையலால் பொறிப்பது வழக்கம். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே தன் பெயரின் எழுத்தை ஊசியால் எழுதிய சிறுமியரும் இருந்திருப்பர். அருங்காட்சியகங்களில் இன்று காணப்படும் இடைப்பைகள் சிலவற்றில் அத்தகைய எழுத்துகளும் ஆண்டுகளும் உள்ளன. 'இது என்னுடையது' என்று அவ்வெழுத்துகள் கூறுகின்றன. சட்டம் அதற்கு இசைந்ததா என்பது பின்னர்க் காணப்படும்.

சோழமண்டலத்துச் சீட்டித்துணி

பைக்கு வேண்டிய துணி எங்கிருந்து வந்தது? இடைப்பைக்கென்று புதுத்துணி வாங்கியோரும் உண்டு. சட்டை வெட்டி எஞ்சிய துண்டுகளையும் பழைய திரைச்சீலைகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்தோரும் உண்டு. அத்துண்டுகளின் கதையில் தமிழ்நாட்டுக் கரையும் இடம்பெறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணப் பருத்தித்துணிகள் இங்கிலாந்தில் பெருவிருப்பத்தை உண்டாக்கின. துவைத்தாலும் சாயம் போகாத அத்துணியை ஆங்கிலேயர் 'சிண்ட்ஸ்' என்றனர். தமிழர் சீட்டித்துணி என்பர்.

தம் தொழில் நலிந்துவிடும் என்று அஞ்சிய ஆங்கில நெசவாளர் கிளர்ச்சி செய்தனர். 1700ஆம் ஆண்டின் சட்டம், கீழைநாடுகளில் சாயமேற்றிய பருத்தித்துணியை உள்நாட்டுப் பயனுக்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1719இல் இலண்டன் தெருக்களில் சீட்டியுடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளை நெசவாளர் கிழித்தெறிந்தனர். 1721ஆம் ஆண்டின் சட்டம், அச்சிட்ட பருத்தித்துணியை அணிவதையே பெரும்பாலும் குற்றமாக்கிற்று. அத்தடை 1774இல்தான் நீங்கியது. நம் நாட்டு நெசவாளரும் சாயக்காரரும் செய்த துணியின் பொருட்டு ஒரு வல்லரசு இருமுறை சட்டம் இயற்ற நேர்ந்தது. நல்ல சீட்டியில் ஒரு சிறு துண்டும் வீணாகலாகாது என்று அதனை ஒட்டுவேலையில் பேணி வைத்த பெண்களின் சிக்கனம் இதனால் நன்கு விளங்கும்.

பதினாறு வயதுப் பெண்ணின் பரிசு

பின்னாளில் ஆங்கில நாவலாசிரியருள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்பெற்ற ஜேன் ஆஸ்டின், 1775 டிசம்பரில் பிறந்தவர். 1792 சனவரியில், அண்டையில் குடியிருந்த தோழி மேரி லாயிட் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தபொழுது, பதினாறு வயதான ஜேன் அவருக்குத் தம் கையால் தைத்த சிறு பை ஒன்றைப் பரிசாக அளித்தார். அப்பைக்குள் நுண்ணிய ஊசிகளும் மெல்லிய நூலும் கொண்ட, சுருட்டி வைக்கத்தக்க ஊசியுறை இருந்தது. அதிலிருந்த மிகச்சிறிய பைக்குள், தாம் இயற்றிய சிறு செய்யுள் ஒன்றையும் எழுதி வைத்திருந்தார். அம்மேரி லாயிட் பின்னர் 1797இல் ஜேனின் தமையனாரை மணந்து அக்குடும்பத்திற்கே மருமகளானார். பை தலைமுறைகளாகப் பேணப்பட்டது. எழுதுகோல் பிடித்த கை ஊசியையும் திறம்படப் பிடித்தது என்பதற்கும், இளம்பெண்கள் தம்முள் அன்பை உணர்த்தப் பையைத் தைத்தளித்தனர் என்பதற்கும் இது தக்க சான்று.

ஆஸ்டின் வாழ்ந்த அக்காலத்திலேயே பையின் நிலை மாறலாயிற்று. 1790களில் உயர்குடிப் பெண்டிரின் உடை, மெல்லிய மஸ்லின் துணியால் ஆகி, மார்பின்கீழ் இறுகி உடலோடு ஒட்டித் தொங்குவதாயிற்று. அவ்வுடைக்குள் பை கட்டினால் புடைத்துத் தோன்றும். ஆகவே பை வெளியே வந்து கையில் தொங்கியது. வாய் சுருங்கும் அக்கைப்பைக்கு 'ரெட்டிக்கூல்' என்று பெயர். சிறுவலை என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. அதனை 'ரிடிக்யூல்', அதாவது ஏளனப்பொருள், என்று திரித்துக் கூறி நகைத்தோரும் உளர். மறைவாக இருந்த வரை ஒருவரும் நகைக்கவில்லை. பெண் தன் பணப்பையை ஊரறியக் கையில் ஏந்தியபொழுது நகைப்பு எழுந்தது. உழைக்கும் பெண்களோ புதுப்பாணியைப் பொருட்படுத்தாது, இடைப்பையையே மேலும் நூறாண்டு கட்டி வந்தனர்.

பை யாருடையது?

பையில் பெண்ணின் பெயரெழுத்து இருந்தது; ஆனால் சட்டம் வேறு கூறிற்று. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி மணமானவுடன் கணவனும் மனைவியும் ஓராள். அந்த ஓராள் கணவனே. மனைவியின் கையிலிருந்த பணமும், அவள் உழைத்துப் பெற்ற கூலியும் கணவனுக்கே உரியன. மணமான பெண்ணின் பையைத் திருடன் கவர்ந்தால், குற்றப்பத்திரிகையில் அது கணவனின் பொருள் என்றே எழுதப்பட்டது. அவள் தைத்த பை, அவள் பொறித்த எழுத்து, அவள் ஈட்டிய காசு ஆகிய அனைத்திற்கும் உடையவன் அவனாயினான்.

பெண்களின் வாக்குரிமைக்காகப் பின்னாளில் பெரும்பணி ஆற்றிய மில்லிசென்ட் ஃபாசெட் அம்மையார், இதனைத் தம் வாழ்விலேயே நேரிற் கண்டவர். அவருடைய பணப்பையை ஓர் இளைஞன் பறித்தான். பிடிபட்டு நீதிமன்றத்திற்கு வந்தான். மில்லிசென்ட் ஃபாசெட்டிடமிருந்து, ஹென்றி ஃபாசெட்டின் சொத்தாகிய 1 பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸ் கொண்ட பணப்பையைத் திருடினான் என்பது அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஹென்றி ஃபாசெட் அவருடைய கணவர். அதனைக் கேட்டபொழுது தாமே திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர் போல உணர்ந்ததாக அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

நிலைமை மெல்ல மாறிற்று. 1870ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துச் சட்டம், மனைவி ஈட்டிய கூலியை அவளுக்கே உரியதாக்கிற்று. 1882ஆம் ஆண்டின் சட்டம், மணமான பெண் தன் பெயரில் எல்லாவகைச் சொத்தையும் வைத்திருக்கலாம் என்று வகுத்தது. இருநூறு ஆண்டுகள் பெண்கள் தம் இடையில் கட்டியிருந்த பை, அன்றுதான் சட்டத்தின் கண்ணிலும் அவர்களுடையதாயிற்று.

தையலும் கணக்கும்

இவ்விடத்தில் ஆசிரியப் பெருமக்கள் கருதத்தக்க ஒன்று உண்டு. பெண்ணைத் தன்னுரிமை உடையவளாக்கும் நோக்கத்தோடு தையற்பாடம் பள்ளிக்குள் நுழையவில்லை. அடக்கம், பொறுமை, சிக்கனம், பணிவு ஆகியவற்றைப் பழக்கி, நல்ல பணிப்பெண்ணாகவோ நல்ல மனைவியாகவோ ஆக்குவதே அதன் நோக்கம். இங்கிலாந்தின் 1862ஆம் ஆண்டுத் திருத்தக் கல்விவிதி, அரசாங்க மானியம் பெறும் பள்ளிகளில் சிறுமியருக்கு எளிய தையலைக் கட்டாயமாக்கிற்று. ஆண்பிள்ளைகள் கணக்குப் போட்ட நேரத்தில் பெண்பிள்ளைகள் மடிப்புத் தைத்தனர். அதனால் கணக்கில் சிறுமியர் பின்தங்கினர். அவர்களுக்குத் தேர்வில் சற்றுத் தளர்வு காட்ட வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. பணப்பையைத் தைக்கக் கற்பித்த பள்ளி, அதனுள் இருக்கும் பணத்தை எண்ணக் கற்பிப்பதில் தளர்ந்தது.

ஆயினும், கைத்தொழில் ஒன்றைக் கற்பித்துவிட்டால் அதன் பயன் கற்பித்தோர் வகுத்த எல்லையில் நிற்பதில்லை. இதற்குச் சிறந்த சான்று தமிழ் வழங்கும் நாட்டிலேயே கிடைக்கிறது. ஆங்கிலத் தையற்கல்வி, சமயப்பணிக்கு வந்த குடும்பத்துப் பெண்டிர் வழியே இந்தியாவிற்கு வந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த சார்லஸ் மால்ட் என்பாரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும், 1819இல் அந்நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலுக்கு வந்தனர். அங்கே பெண்பிள்ளைகளின் விடுதிப்பள்ளியில் மார்த்தா அம்மையார் தையலோடு லேஸ் பின்னலையும் 1820களின் தொடக்கத்தில் கற்பிக்கலானார். சிறுமியர் செய்த லேஸ் விலைக்குப் போயிற்று. அவ்வருவாயில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்தது. 1855இல்தான் அஃது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைக் குடும்பங்களிற் பிறந்த பெண்கள் சிலர், ஊசி தந்த காசைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றனர்.

அவ்வம்மையாரின் மகள் எலிசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல் அவர்களை மணந்து இடையன்குடிக்கு வந்தார். கணவர் 1856இல் வெளிவந்த 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண'த்தால் தமிழுலகம் மறவாத புகழ் பெற்றார். எலிசா அம்மையாரோ இடையன்குடிப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் லேஸ் வேலையும் கற்பித்தார். அச்செம்மணல் நாட்டுப் பெண்டிரின் கையில் சொந்தக் காசு புழங்க அவர் பணி வழிசெய்தது. ஒப்பிலக்கணத்தைப் போற்றும் தமிழாசிரியர், அதே வீட்டில் நடந்த ஊசிப்பணியையும் உடன் நினைத்தல் தகும்.

மலாயாவும் சிங்கப்பூரும்

இந்நாட்டிலும் பெண்கல்வியின் தொடக்கத்தில் ஊசி இருந்தது. மரியா டையர் அம்மையார் 1842இல் சிங்கப்பூரில் தொடங்கிய சீனப் பெண்கள் பள்ளியே இன்று செயின்ட் மார்கரெட் பள்ளி என்று வழங்குகிறது. அதன் தொடக்க காலத்தில் மாணவியரின் தையல் வேலைகளை விற்ற பணம் பள்ளியின் செலவுக்கு உதவிற்று. பிரான்சு நாட்டுக் கன்னியர் 1852இல் பினாங்கிலும் 1854இல் சிங்கப்பூரிலும் தொடங்கிய கான்வென்ட் பள்ளிகளிலும் ஊசிவேலை கற்பிக்கப்பட்டது.

பள்ளிக்கு வெளியேயும் இக்கலை தழைத்திருந்தது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களின் பாபா நோன்யா குடும்பங்களில், பெண்பிள்ளை மணப்பருவம் எய்துமுன் தையலும் மணிவேலையும் கற்றாக வேண்டும். மணவிழாவிற்கான காலணிகளையும், இடைக்கச்சில் தொங்கும் சிறு பைகளையும் கண்ணுக்கெட்டாத சிறுமணிகள் கோத்துச் செய்தனர். மருமகளாக வருபவளின் பொறுமையை அவள் மணிவேலையைக் கொண்டு மாமியார் அளப்பார் என்பர். இடைப்பை அங்கும் பெண்ணின் திறத்திற்குச் சாட்சியாக நின்றது.

தமிழ்ப் பெண்டிருக்கோ சுருக்குப்பை உண்டு. பழஞ்சேலையின் நல்ல பகுதியையும் இரவிக்கைத் துணியில் எஞ்சிய துண்டையும் வைத்து வீட்டிலேயே தைத்த பை அது. இரண்டு மூன்று அறைகள் வைத்து, ஒன்றில் வெற்றிலை பாக்கும், ஒன்றில் சுண்ணாம்பு டப்பியும், உள்ளறையில் காசும் வைத்து இடுப்பில் செருகிய பாட்டிமாரை அறியாத தமிழ்க்குடும்பம் அரிது. பேரனுக்கு மிட்டாய் வாங்கவும், மகளின் அவசரத்திற்கு உதவவும் அப்பை திறந்தது. வேறு எவர் கையும் அதற்குள் செல்லாது.

பெண்ணின் தனிப்பொருளுக்கு நம் மொழியில் பெயரே உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண் சேர்க்கும் சிறுதொகைக்குச் 'சிறுவாடு' என்று பெயர். மகளுக்குப் பெற்றோர் அளிப்பதைச் 'சீதனம்' என்கிறோம். அது பெண்ணின் செல்வம் எனப் பொருள்படும் 'ஸ்திரீதனம்' என்னும் வடசொல்லின் திரிபு. பெண்ணுக்குத் தனிப்பொருள் உண்டு என்னும் கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால் பெயர் இருந்த அளவுக்குப் பிடி இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று துணிந்து கூற இயலாது. சீதனம் கணவன் வீட்டாரின் கைக்குப் போவதும், சிறுவாடு அரிசிப்பானைக்குள் ஒளிந்து வாழ்வதும் வழக்கமாயின. உரிமையுள்ள பொருளை ஒளித்து வைக்க நேர்ந்ததே அவ்வுரிமையின் நலிவைக் காட்டும். மலாயாவில் 1957ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சட்டமும், சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் பெண்கள் சாசனமும், மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் உரிமையை ஐயத்திற்கு இடமின்றி உறுதி செய்தன.

கைவேலை வகுப்பில் ஒரு சிறுமி இரண்டு சாண் துணியை மடித்து முதன்முதலாகப் பை தைக்கும்பொழுது, இத்தனை வரலாறும் அவள் கையில் இருக்கிறது. ஆசிரியர் ஊசி பிடிக்கும் முறையைக் கற்பிப்பதோடு நின்றுவிடலாகாது. கிழி என்னும் சொல்லை அவளுக்குக் கூறலாம். சீட்டித்துணி சென்ற கடல்வழியைக் காட்டலாம். நாகர்கோவில் சிறுமியர் தம் விடுதலைக்குக் கொடுத்த விலையைச் சொல்லலாம். பை முடிந்தபின் அதில் பத்துக் காசு இட்டு, வாரத்திற்கு இவ்வளவு சேர்த்தால் ஆண்டிறுதியில் எவ்வளவு ஆகும் என்று கணக்கும் போடச் செய்யலாம். அன்றைய பள்ளிகள் விட்ட குறை இவ்வாறு தீரும்.

தமிழில் 'தையல்' என்னும் சொல் ஊசிவேலையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். ஒரு தையலின் கையில் ஊசி ஏறியபொழுதெல்லாம் பிறருக்கு வேண்டிய துணியே பெரிதும் தைக்கப்பட்டது. அவள் தனக்கென்று தைத்துக்கொண்டது ஒரு சிறு பை. அதில் தன் பெயரெழுத்தைப் பொறிக்கும் சிறுமி, அப்பைக்கும் அதனுள் வரும் காசுக்கும் தானே உடையவள் என்பதையும் அறிந்து வளர்தல் வேண்டும்.